எழுதி வைக்க வேண்டிய கடன்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற இலக்கிய அமர்வில் ஆற்றிய உரை)



 

மைக் முன்னால் நிற்பது ஒருவர்தான். ஆனால் பேசுவது ஐந்து பேருக்காக. நம் சங்கத்தின் எழுத்து வட்டத்தில் இப்போது இருப்பவர்கள் ஐந்து பேர். ஒருவர் உணவகம் வைத்திருக்கிறார். ஒருவருக்குப் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை வேலை. ஒருவர் விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவர். ஒருவர் தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஐந்தாவது ஆள், அதாவது உங்கள் முன்னால் நிற்கிறவர், பாலிடெக்னிக்கில் மின்னியல் டிப்ளோமா வாங்கிவிட்டு வற்றல் மிளகாயும் மல்லியும் மொத்த வியாபாரம் செய்கிறவர். அதனால் இந்த உரை முழுவதும் 'நாங்கள்' என்றே பேசுகிறோம். குறை இருந்தால் ஐவரும் பங்கு போட்டுக்கொள்கிறோம்.

எங்களுக்குக் கொடுத்த தலைப்பு, 'பிறர் பேச்சும் எழுத்தாளர் உறுதியும்'. எழுத்தாளர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எங்களுக்கு இன்னும் வரவில்லை. ஆனால் பிறர் பேச்சு என்ற பகுதியில் எங்களுக்கு நல்ல அனுபவம் உண்டு. நாங்கள் மாதம் இரண்டு முறை, இஷாவுக்குப் பிறகு, மிளகாய்க் கடையின் மாடியில் கூடுகிறோம். ஆளுக்கு ஒரு பக்கம் எழுதி வந்து வாசிக்க வேண்டும். வாசிப்பதை விடத் தும்முவது அதிகம். இப்படிக் கூடத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் காதில் விழுந்த பேச்சுகளைப் பிரித்துப் பார்த்தால் நான்கு வகைதான் தேறும். 'எழுதி என்ன லா கிடைக்கும்?' என்பது முதலாவது. 'வியாபாரிக்கு எதுக்கு இந்த வேலை?' என்பது இரண்டாவது. 'முதல்ல ஒழுங்காத் தமிழ் எழுதத் தெரியுமா?' என்பது மூன்றாவது. 'யாரு படிக்கப் போறா?' என்பது நான்காவது. முதல் மூன்றுக்கும் பதில் சொல்வது எளிது. நான்காவது எங்களை ஒருமுறை தோற்கடித்தது. அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வந்திருக்கிறோம்.

முதல் கேள்வி, எழுதி என்ன கிடைக்கும் என்பது. கேட்பவர்கள் பெரும்பாலும் நம் மீது அக்கறை உள்ளவர்கள். எங்கள் அத்தாவே கேட்டிருக்கிறார். கடை மூடிய பிறகு கணக்குப் புத்தகத்தின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு, "அந்த நேரத்துல ரெண்டு கடைக்குப் போன் போட்டிருந்தா ஆர்டராவது கெடைச்சிருக்கும்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. ஒரு சிறுகதை பத்திரிகையில் வந்தால் கிடைப்பது, ஒரு மூட்டை மிளகாயில் கிடைக்கும் லாபத்துக்குப் பக்கத்தில்கூட வராது. பணக் கணக்கில் எழுத்து எப்போதும் நட்டம்தான். அதை நாங்கள் ஒப்புக்கொள்கிறோம்.

ஆனால் அதே அத்தா எங்களுக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், எதையும் எழுதி வை என்பதுதான். யாருக்கு எத்தனை கிலோ போனது, யார் எவ்வளவு பாக்கி என்று அன்றன்றே எழுத வேண்டும். நாளைக்கு எழுதலாம் என்று விட்டால் நட்பும் போகும், பணமும் போகும் என்பார். நம் மார்க்கம் சொல்வதும் அதுதான். குர்ஆனில் மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். அல் பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம். அது போரைப் பற்றியதோ பழைய மன்னர்களைப் பற்றியதோ அல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எப்படி எழுதி வைக்க வேண்டும் என்பதைப் பற்றியது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதுவதில் சோர்வு கூடாது என்று அது அறிவுறுத்துகிறது. நீதிக்கும் சாட்சிக்கும் சந்தேகம் தீர்வதற்கும் அதுவே நல்லது என்று காரணமும் சொல்கிறது.

அந்த வசனத்தைத் தஃப்சீர் வகுப்பில் கேட்ட அன்று எங்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. வெள்ளியும் சரக்கும் மட்டும்தான் கடனா? நமக்கு முன்னால் வந்தவர்கள் கப்பலில் வந்தார்கள், கடைத் திண்ணையில் படுத்தார்கள், மிச்சம் பிடித்து இந்தச் சங்கத்துக்குக் கொடுத்தார்கள். அது நம் பெயரில் நிற்கும் பாக்கி. நம்மால் அதைத் திருப்பிக் கொடுக்க முடியாது. எழுதி வைக்கவாவது முடியும். அன்றிலிருந்து, எழுதி என்ன கிடைக்கும் என்று கேட்பவர்களிடம், "வரவு ஒன்றும் இல்லை, பழைய கடனைக் குறித்து வைக்கிறோம்" என்று சொல்லிவிடுகிறோம். வியாபாரிக்கு அந்தப் பதில் உடனே புரிந்துவிடுகிறது.

இரண்டாவது கேள்வி, வியாபாரிக்கும் எழுத்துக்கும் என்ன தொடர்பு என்பது. நம் வரலாறு தெரிந்தவர்கள் இதைக் கேட்கவே மாட்டார்கள். 5,027 பாடல்கள் கொண்ட சீறாப்புராணத்தை உமறுப் புலவர் பாடுவதற்கு ஊக்கம் தந்தவர் கீழக்கரை வணிகர் வள்ளல் சீதக்காதி. அவருக்குப் பின் கைகொடுத்தவர் பரங்கிப்பேட்டை வணிகர் அபுல் காசிம் மரைக்காயர். 19ஆம் நூற்றாண்டில் நாகூர் குலாம் காதிறு நாவலர் பினாங்குக்கு வந்து 'வித்தியா விசாரிணி' இதழை நடத்தினார். பாலத்துக்கு அந்தப் பக்கம், சிங்கப்பூரில், 1887 முதல் 1890 வரை 'சிங்கை நேசன்' வார இதழை நடத்தியவர் மகுதூம் சாயபு. அன்றைய தமிழர்கள் இங்கே எப்படி வாழ்ந்தார்கள் என்று அறிய விரும்புகிற ஆய்வாளர்கள் இன்றும் அந்த இதழைத்தான் புரட்டுகிறார்கள்.

ஆனால் எங்களுக்கு மிகவும் நெருக்கமானவர் இவர்களுக்கெல்லாம் பின்னால் வந்தவர். எங்களைப் போலவே வற்றல் வியாபாரி. தோப்பில் முகம்மது மீரான்.

கன்னியாகுமரி மாவட்டத்துத் தேங்காய்ப்பட்டணத்தில் 1944இல் பிறந்தவர். அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூரைச் சேர்ந்தது. 1956இல்தான் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. அதனால் அவர் பள்ளியில் படித்தது மலையாளம். பிறகு திருநெல்வேலியில் குடியேறி மிளகாய் வற்றல் வியாபாரம் செய்தார். கடையையும் பார்த்துக்கொண்டு கதையும் எழுதினார். அவருடைய முதல் நாவல் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988இல் நூலானது. அப்போது அவருக்கு வயது 44. ஊரையே கைக்குள் வைத்திருக்கும் ஒரு முதலாளி, அவருக்குப் பணிய மறுக்கும் ஒரு சுறாப்பீலி வியாபாரி, ஊருக்குப் பள்ளிக்கூடம் வருவதை எதிர்க்கும் கூட்டம், இவர்களைப் பற்றிய கதை அது. தொடர்ந்து 1991இல் 'துறைமுகம்', 1993இல் 'கூனன் தோப்பு', பிறகு 'சாய்வு நாற்காலி'. அந்த நாவலுக்கு 1997இல் சாகித்திய அகாடமி விருது கிடைத்தது. 2019 மே மாதம் திருநெல்வேலியில் காலமானார்.

அவருக்குப் பேச்சு வராமல் இருந்ததா? நம் வீட்டுக் குறையை வெளியில் எழுதலாமா என்று நம் சமுதாயத்தில் கேட்டவர்கள் இருந்தார்கள். அவருடைய மொழி மலையாளமும் அரபுச் சொற்களும் கலந்த வட்டார வழக்கு. இதெல்லாம் தமிழா என்று கேட்கும் குரலும் இருந்தது. அவர் அந்த மொழியை மாற்றிக்கொள்ளவில்லை. தம் ஊர் மக்கள் பேசியபடியே எழுதினார். இன்று அந்தப் பேச்சைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவர் நாவலைத்தான் திறக்க வேண்டியிருக்கிறது.

மீரானைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் கடையில் பழகிய ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளர் ஒருவர் மிளகாயைக் கையில் எடுத்து, "ஈரம் இருக்கு, காம்பும் அதிகம்" என்கிறார். அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். அடுத்த முறை சரக்கைப் பார்த்து எடுக்க வேண்டும். இன்னொருவர் கடைக்குள்ளேயே வராமல், தெருவில் நடந்துகொண்டே, "இந்தக் காலத்துல யாரு லா மிளகாய் வாங்குறா" என்கிறார். அதற்காகக் கடையை மூட முடியாது. எழுத்துக்கும் அதே கணக்குதான். எங்கள் கட்டுரை நீளம் என்று ஒரு பெரியவர் சொன்னார். பாதியாகக் குறைத்தோம். உண்மையிலேயே நன்றாகிவிட்டது. படித்துவிட்டுச் சொல்கிறவரும் படிக்காமல் சொல்கிறவரும் ஒன்றல்ல. முன்னவரிடம் கோபப்பட்டால் நட்டம் நமக்கு. பின்னவர் பேச்சை மனத்தில் ஏற்றிக்கொண்டாலும் நட்டம் நமக்குத்தான்.

மூன்றாவது பேச்சு, ஒழுங்காகத் தமிழ் எழுதத் தெரியுமா என்பது. இது கொஞ்சம் குத்தும். ஏனென்றால் இதில் உண்மை இருக்கிறது. எங்களில் சிலர் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளி. பிறகு எல்லாம் மலாய், ஆங்கிலம். ஒருவர் தேசியப் பள்ளியிலேயே படித்தவர், தமிழ் எழுத்தை இருபத்தெட்டு வயதில் கற்றுக்கொண்டார். லகர, ளகர, ழகரம் எங்களுக்கு இன்றும் தகராறுதான். ஆசிரியைத் தங்கை ஒவ்வொரு முறையும் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் தருகிறார். ஒருமுறை நம் சங்கப் புலனக் குழுவில் ஒரு சிறு கட்டுரையைப் போட்டோம். ஒருவர் எழுத்துப் பிழை நான்கைச் சுட்டிக்காட்டி, டிப்ளோமா படித்தவன் எழுதுகிற தமிழா இது என்று கேட்டுவிட்டார். நானூறு பேர் இருக்கும் குழு. எங்களில் ஒருவர் அதற்குப் பிறகு மூன்று மாதம் மாடிக்கு வரவில்லை.

அவரைத் திரும்ப அழைத்துவந்ததும் மீரானின் கதைதான். அத்தனை நாவல்களைத் தமிழுக்குத் தந்த அந்த மனிதர், தமிழைப் பள்ளியில் முறையாகப் படித்தவர் அல்லர். தமிழ்ப் பேச்சை மலையாள எழுத்தில் எழுதுவார். உடனிருந்தவர்கள் அதைத் தமிழ் எழுத்தில் பெயர்த்துக் கொடுப்பார்கள். எழுத்துத் தெரியாதது அவருக்குத் தடையாக இருந்திருந்தால் நமக்கு 'சாய்வு நாற்காலி' கிடைத்திருக்காது. நம் முன்னோர்களும் தமிழை அரபு எழுத்தில் எழுதி, அதற்கு அர்வி என்று பெயர் வைத்து, எத்தனையோ நூல்களைப் பாதுகாத்தவர்கள்தானே? சொல்ல வேண்டியது இருந்தால் எழுத்து பிறகு வந்து சேரும்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். குறிப்பாக இங்கே இருக்கும் தங்கைகளுக்காக. நாகூர் சித்தி ஜுனைதா பேகம். 1917இல் பிறந்தவர். படித்தது மூன்றாம் வகுப்பு வரை. அவர் எழுதிய 'காதலா கடமையா' நாவல் 1938இல் வெளிவந்தபோது அதற்கு முன்னுரை வழங்கியவர் யார் தெரியுமா? உ.வே.சாமிநாதையர். முஸ்லிம் பெண் ஒருவர் தம் பெயரைப் போட்டுக் கதை எழுதுவதா என்று முகம் சுளித்த காலம் அது. அவர் பெயரை மறைக்கவும் இல்லை, எழுதுவதை விடவும் இல்லை. கதைகள், கட்டுரைகள் என்று எழுதிக்கொண்டே இருந்தார். 1998இல் மறைந்தார். மூன்றாம் வகுப்புப் படித்தவர் அவ்வளவு எழுதியிருக்கும்போது, டிப்ளோமா படித்துவிட்டு நான்கு பிழைக்காக நாம் பேனாவை மூடி வைக்கலாமா? பிழையைத் திருத்திக்கொள்வோம். திருத்துவதற்காவது முதலில் எழுதியாக வேண்டும்.

இனி அந்த நான்காவது கேள்வி. 'யாரு படிக்கப் போறா?'

பெரியவர்களே, இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. நம் வீடுகளைப் பாருங்கள். பாட்டி தமிழில் கேட்கிறார், பேரன் மலாயில் பதில் சொல்கிறான். நம் பிள்ளைகளில் பலர் தேசியப் பள்ளிகளில் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், படிக்கத் தெரியாது. அதில் அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. சேர்த்தவர்கள் நாம்தான். அப்படியிருக்க, இந்தப் பொன்விழா மலரையே இன்னும் ஐம்பது ஆண்டு கழித்து எத்தனை பேர் வாசிப்பார்கள் என்று ஒருவர் கேட்டால் எங்களிடம் கணக்கு இல்லை. இந்த இடத்தில்தான் நாங்கள் தோற்றோம்.

நம் கடைத்தெருவில் ஒரு பெரியவர் இருந்தார். எல்லாரும் மாமு என்றே அழைப்பார்கள். பதினேழு வயதில் நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறி வந்தவர். கடைப் பையனாகத் தொடங்கி, கணக்கப்பிள்ளையாகி, பிறகு சொந்தக் கடை வைத்தவர். ஒருநாள் எங்கள் கடைக்கு வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். பேச்சு எங்கெங்கோ போய், பழைய நாணயத்துக்கு வந்தது. உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். மலேசிய வெள்ளியும் சிங்கப்பூர் வெள்ளியும் ஒன்றுக்கு ஒன்று சரிசமமாகக் கைமாறிக்கொண்டிருந்தன. 1973 மே மாதத்தில் அந்த ஏற்பாடு நின்றது. மாமு சொன்னார்: "அந்த வாரம் கல்லாப்பெட்டிய ரெண்டாப் பிரிச்சோம் தம்பி. அது பெரிய கதை. உட்கார்ந்துதான் சொல்லணும். ஒருநாள் வாங்க."

பாலத்துக்கு இரு பக்கமும் பாக்கி வைத்திருந்த நம் சின்னக் கடைக்காரர்கள் அந்த வாரத்தை எப்படிச் சமாளித்தார்கள்? யார் கடனை எந்த வெள்ளியில் கட்டினார்கள்? யார் நட்டப்பட்டார்கள்? வங்கிகள் என்ன செய்தன என்பதைப் புத்தகங்களில் படித்துக்கொள்ளலாம். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் நின்றவர் என்ன செய்தார் என்பதை மாமுதான் சொல்ல முடியும். நாங்கள் பதிவு செய்யும் கருவியைக்கூடத் தயார் செய்தோம். அந்த வாரம் கடைக்கு வந்த நண்பர் ஒருவர் சிரித்தார். "அவரு பழங்கதைய எழுதி யாரு படிக்கப் போறா? நோன்பு வருது, சரக்கப் பாருங்க" என்றார். நோன்பு மாதத்தில் எங்கள் வியாபாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அவர் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. பெருநாள் கழித்துப் போகலாம் என்று தள்ளி வைத்தோம்.

ரமலானின் கடைசிப் பத்தில் மாமு வஃபாத் ஆனார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவுக்குப் போனோம், மண் போட்டோம், திரும்பினோம். இன்று எங்களிடம் இருப்பது அந்த ஒரே ஒரு வாக்கியம்தான். கல்லாப்பெட்டியை இரண்டாகப் பிரித்தோம் என்ற வாக்கியம். மீதிக் கதை மண்ணுக்குள் போய்விட்டது.

அந்த நண்பர் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அதைச் சாக்காக எடுத்துக்கொண்டவர்கள் நாங்கள். இன்று யோசித்தால் ஒன்று புரிகிறது. பிறர் பேச்சு நம்மை நிறுத்துவதில்லை. நமக்குள்ளே ஏற்கெனவே இருக்கும் சோம்பலுக்கு அது ஒரு நல்ல காரணத்தைக் கொடுக்கிறது. அதில்தான் ஆபத்து.

இது எழுத்தாளர்களுக்கும் நேர்ந்திருக்கிறது. ஜொகூரிலிருந்து கடல் கடந்தால் சுமத்ரா. அங்கே மேடான் நகருக்கு 1938இல் கடை வேலைக்குப் போனவர் ப.சிங்காரம். போர்க்கால மேடானையும் பினாங்கையும் தமிழர் வாழ்க்கையையும் வைத்து இரண்டு நாவல்கள் எழுதினார். 'கடலுக்கு அப்பால்' 1959இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடித்தபின் ஏறத்தாழப் பத்தாண்டு காத்திருந்து 1972இல்தான் நூலானது. அன்று பெரிதாகக் கண்டுகொள்ளப்படவில்லை. அவர் அதற்குப் பிறகு நாவல் எழுதவில்லை. 1997இல் மதுரையில் காலமானார். இன்று தமிழின் மிகச் சிறந்த நாவல்களைப் பட்டியல் போடுகிறவர்கள் 'புயலிலே ஒரு தோணி'யை விடுவதில்லை. வாசகர்கள் வந்தார்கள், தாமதமாக வந்தார்கள். மூன்றாவது நாவல் ஒன்றை அவர் எழுதியிருந்தால் அது நம் வட்டாரத்தின் கதையாகவும் இருந்திருக்கலாம். யார் படிப்பார்கள் என்பதை எழுதுகிற காலத்தில் யாரும் அறிய முடியாது. சிங்காரமும் அறியவில்லை.

இதை நம் சங்கத்திலேயே கண்ணால் பார்த்தோம். மலர் வேலைக்காகப் பழைய அலமாரியைத் திறந்தபோது முதல் செயலாளர் கையால் எழுதிய கூட்டக் குறிப்புப் புத்தகங்கள் கிடைத்தன. நீல மை, அழகான எழுத்து. யார் வந்தார்கள், யார் பேசினார்கள், தேநீருக்கும் பிஸ்கட்டுக்கும் எவ்வளவு செலவு, பாய் வாங்க யார் கொடுத்தார்கள் என்று எல்லாம் இருக்கிறது. அவருக்குப் பிறகு ஒன்பது ஆண்டுகளுக்கு ஒன்றுமே இல்லை. ஏன் என்று மூத்தவர்களைக் கேட்டோம். கூடினோம், பேசினோம், சாப்பிட்டோம் என்று எழுத ஒரு புத்தகமா என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேலி செய்ய, எல்லாரும் சிரிக்க, அடுத்து வந்தவர் எழுதுவதை விட்டுவிட்டாராம். அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு நம்மிடம் இருப்பவை இரண்டு புகைப்படங்கள். அதிலும் நின்றுகொண்டிருக்கும் நால்வர் யார் என்று இன்றுவரை தெரியவில்லை.

முதல் செயலாளரின் புத்தகத்தில், ஒரு மாணவனின் கல்விக் கட்டணத்துக்கு ஓர் உறுப்பினர் ஐம்பது வெள்ளி கொடுத்தார் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த உறுப்பினரின் பேத்தியைத் தேடிப் பிடித்துச் சொன்னோம். வந்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எங்களில் ஒருவர் வாசித்து மலாயில் சொன்னார். "இதில் எது எங்கள் தாத்தா பெயர்?" என்று கேட்டார். காட்டினோம். அந்தப் பெயரின் மேல் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டார். இப்போது எங்கள் ஆசிரியைத் தங்கையிடம் தமிழ் எழுத்துப் படிக்கிறார்.

அந்த வரியை எழுதிய இரவில், யார் படிக்கப் போகிறார்கள் என்று செயலாளரிடம் கேட்டிருந்தால் அவர் என்ன சொல்லியிருப்பார்? இந்தப் பெண் அப்போது பிறக்கவே இல்லை.

அதனால் எங்கள் உறுதி பெரிய சபதம் எல்லாம் இல்லை. கடைக்காரர் வழக்கம்தான். கல்லா கட்டி, கணக்கு எழுதி முடித்த பிறகு அரை மணி நேரம். கணக்குக்குப் பிறகுதான், முன்னால் இல்லை. வியாபாரத்தை விட்டுவிட்டு எழுதச் சொல்லவில்லை. மீரானும் கடையை விடவில்லை. வெளியாகிறதோ இல்லையோ, தேதி போட்டு வைக்கிறோம். கேலி செய்கிறவர்களிடம் வாதாடுவதில்லை. வாதாடும் நேரத்தில் அரைப் பக்கம் எழுதிவிடலாம். முடிந்தால் அவர்களிடமே, உங்கள் அத்தா எந்த ஊர், எந்தக் கப்பலில் வந்தார் என்று கேட்கிறோம். நம்ப மாட்டீர்கள், சிரித்தவர்களில் இருவர் ஒரு மணி நேரம் பேசினார்கள். அதையும் எழுதிக்கொண்டோம்.

தனி ஆளாகத் தொடங்கத் தயங்குகிறவர்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. நம் சை.பீர்முகம்மது அவர்கள், தாம் எழுதியதோடு நிற்காமல், மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைத் தேடித் திரட்டி 'வேரும் வாழ்வும்' என்று தொகுப்புகளாகக் கொண்டுவந்தார். அடுத்தவர் எழுதியதைக் காப்பாற்றுவதும் எழுத்துப் பணிதான். எழுத வராதவர்கள் அதையாவது செய்யலாம்.

நிறைவாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு பக்கம் கொடுங்கள். இந்த மண்ணுக்கு முதலில் வந்தவர் யார், எந்த ஊர், 'ரஜூலா'வா, 'சிதம்பரம்' கப்பலா, முதல் வேலை என்ன, முதல் சம்பளம் எவ்வளவு, யார் தங்க இடம் கொடுத்தார்கள். தமிழில் எழுத வந்தால் தமிழில். இல்லையென்றால் ரூமி எழுத்தில் தமிழை எழுதுங்கள். அதுவும் வராதென்றால் மலாயில் எழுதுங்கள், அல்லது கைத்தொலைபேசியில் பேசி அனுப்புங்கள். தமிழ் எழுத்தில் பெயர்ப்பது எங்கள் பொறுப்பு. எழுத்துப் பிழைக்கு யாரும் சிரிக்க மாட்டார்கள். சிரித்தால் மிளகாய் மாடிக்கு அழைத்து வந்து தும்ம வைப்போம்.

மலர்க்குழுவிடம் இன்னொன்றும் கேட்டிருக்கிறோம். இந்த மலரின் கடைசியில் இரண்டு பக்கங்களைக் கோடு போட்டு வெறுமையாக விடச் சொல்லியிருக்கிறோம். வீட்டுக்குக் கொண்டு போய், இன்று இரவே, வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை நிரப்புங்கள். பெருநாள் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் விட்டோம்.